கையெழுத்து ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது: மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தலைவர், உறுப்பினர்கள், தமிழ்நாடு அரசின் தலைமை மின் ஆய்வாளர் ஆகியோருக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டில் இன்று கட்டி முடிக்கப்படும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் காடி வெட்டியவர் ஒருவர். பைப் பதித்து வயர் இழுத்தவர் இன்னொருவர். வீட்டின் எல்லா லைன்களும் பிரியும் டிபி பெட்டியில் இணைப்புக் கொடுத்தவர் வேறொருவர். கடைசியில், மின் இணைப்புக்கு விண்ணப்பம் போடும் நேரத்தில், 'வயரிங் முடிந்தது, சோதித்துப் பார்த்தேன், எல்லாம் சரி' என்று வயரிங் நிறைவு அறிக்கையில் கையெழுத்துப் போட ஒருவர் வருகிறார். வருகிறார் என்று சொல்வதுகூடத் தவறு. பல இடங்களில் அவர் வருவதில்லை, தாள்தான் அவரிடம் போய் வருகிறது. உங்கள் வாரியம் கொடுத்த உரிமம் அவரிடம் இருக்கிறது. வேலை செய்த மூன்று பேரிடமும் இல்லை.

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். என்னிடம் படித்தவர்களில் உரிமம் பெற்று நல்லபடியாகத் தொழில் செய்பவர்கள் உண்டு. படிப்பைப் பாதியில் விட்டுப் போய், இன்று எந்தச் சான்றிதழும் இல்லாமல் வீடு வீடாக வயர் இழுப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். அவர்கள் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

சட்டத்தில் குறையில்லை. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆவது விதியே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மின் நிறுவல் வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ளவர் நேரடியாக மேற்பார்வையிட வேண்டும். கையால் வேலை செய்பவரிடமும் அரசு கொடுத்த அல்லது அரசு ஏற்றுக்கொண்ட அனுமதி இருக்க வேண்டும். 2003-இல் புதிய மின்சாரச் சட்டம் வந்த பிறகு, மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இதே கட்டமைப்பைத்தான் எடுத்துக்கொண்டன. பல்பு மாற்றுவது, பழுதான சுவிட்சைக் கழற்றி அதே இடத்தில் புதிதை மாட்டுவது, ஃபேனை மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு விலக்கும் அதிலேயே உண்டு. ஆகவே இந்தச் சட்டம் எளிய மனிதர்களின் அன்றாட வேலையில் தலையிடுகிறது என்று யாரும் சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்துள்ள வேலையை மட்டுமே அது தொடுகிறது.

'நேரடியாக மேற்பார்வையிட வேண்டும்' என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் எல்லாம் கிடக்கிறது. அதற்கு உரிமம் வைத்திருப்பவரே பன்னிரண்டு மணி நேரமும் நிற்க வேண்டும் என்று பொருளில்லை. ஆனால் காடி மூடுவதற்கு முன் ஒருமுறை, டிபி இணைப்புக் கொடுத்த பின் ஒருமுறையாவது அவர் அங்கே இருந்தாக வேண்டும். அது நடப்பதில்லை. உரிமம் வாங்குவதற்காகக் காட்டிய கருவிகள், அதாவது இன்சுலேஷனை அளக்கும் மெகரும் எர்த்தை அளக்கும் எர்த் டெஸ்டரும், அலமாரியில் கிடக்க, அறிக்கையில் மட்டும் அளவுகள் நிரம்புகின்றன.

இதனால் என்ன ஆகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல். பொதுமக்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஈரக் கையோடு நிற்கும் ஒரு மனிதரின் உடல் எதிர்ப்பு ஏறத்தாழ ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், அவர் உடல் வழியாகப் பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. ஆனால் மின்னோட்டம் அளவுமீறினால் விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்சுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சின்னப் பல்பு ஒன்று கூடுதலாக எரிவதற்கும் ஒரு மனிதர் துடிப்பதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அந்த மனிதரைக் காப்பாற்றுபவை இரண்டுதான். ஒன்று, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் ஒழுங்கான எர்த். இன்னொன்று 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டுமே சுவருக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இருப்பவை. வீட்டுக்காரர் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வெளியே விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தரம் தெரியாத, தவறினால் உயிர் போகிற தொழில் என்பதால்தான் அரசு உரிமம் என்ற ஒன்றே வந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், சமீப ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள். அத்தனையும் வீட்டு வயரிங்கால் நேர்ந்தவை அல்ல. அறுந்து விழுந்த கம்பி, வயல்வேலி, உயர் அழுத்தப் பாதை எல்லாம் அதில் சேர்த்திதான். ஆனால் கிரைண்டரைத் தொட்டவர், ஹீட்டர் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவர், மோட்டார் சுவிட்சைப் போட்டவர் என்று நாம் செய்தித்தாளில் படிக்கும் சாவுகளும் அதில்தான் இருக்கின்றன.

நான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் பெயரோ ஆட்கள் பெயரோ தேவையில்லை. உறவினர் ஒருவர் வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு முன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். மின் இணைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. கையெழுத்தான அறிக்கையின் நகலை எடுத்துக் காட்டினார். எர்த் எதிர்ப்பு, இன்சுலேஷன் எதிர்ப்பு எல்லாம் குறிக்கப்பட்டு அழகாக இருந்தது. நான் வீட்டைச் சுற்றி வந்தேன். எர்த் குழி எங்கேயும் இல்லை. மண்ணில் ஒரு குழாய்கூட இறக்கப்படவில்லை. டிபி மூடியைக் கழற்றினேன். எல்லா அறைகளிலிருந்தும் வந்த பச்சை எர்த் வயர்கள் ஒன்றாக முறுக்கப்பட்டு, டேப் சுற்றப்பட்டு, பெட்டியின் மூலையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எதனோடும் இணைப்பு இல்லை. அந்த நிலையில் ஒரு அறையில் ஹீட்டரின் உடம்பில் மின்சாரம் வரும் ஃபேஸ் வயர் பட்டுவிட்டால், அந்தப் பச்சை வயர் வழியாக ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று வீட்டிலுள்ள எல்லா இரும்பிலும் மின்சாரம் ஏறி நிற்கும். பச்சை வயரே இல்லாத வீட்டைவிட இது கெட்டது. ஆர்.சி.சி.பி. இருந்தது, ஆனால் அதைச் சுற்றி நேராக வயர் போட்டு ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

வேலை செய்த பையனைக் கூப்பிட்டனுப்பினேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அன்று முதல் இதே வேலை. அவன் வேலையைக் குறை சொல்ல முடியவில்லை. பைப் ஓட்டம் நேராக இருந்தது. வயர் நிறம் எங்கும் மாறவில்லை. ஒவ்வொரு சுவிட்சிலும் ஃபேஸ்தான் வெட்டப்பட்டிருந்தது, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் அல்ல. படித்தவர்களே தவறுகிற இடம் அது. "ஆர்.சி.சி.பி.யை ஏம்ப்பா ஒதுக்கினே?" என்று கேட்டேன். "சும்மா சும்மா விழுந்துட்டே இருந்துச்சு சார். மேஸ்திரி எடுத்து விடச் சொல்லிட்டாரு" என்றான். ஏன் விழுகிறது என்று அவனுக்கும் தெரியவில்லை, மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

இருவருமாகத் தேடினோம். ஹாலில் ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் சாதா லைனின் நியூட்ரலும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன. ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே ஒரு கணக்கு. போன மின்னோட்டம் திரும்பி வந்ததா என்று பார்க்கும். வேறு வழியாகத் திரும்பினால் கசிவு என்று நினைத்து விழும். அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நியூட்ரலைப் பிரித்தான், ஒதுக்கு வயரை எடுத்தான், ஆர்.சி.சி.பி. விழாமல் நின்றது. டெஸ்ட் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. "இத இத்தன வருஷத்துல யாரும் சொல்லித் தரல சார்" என்றான். மறுநாள் ஆளை வைத்துக் குழி வெட்டி, குழாய் இறக்கி, எர்த் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான். கூலி வாங்கவில்லை.

அந்தப் பையனிடம் நான் கேட்ட அடுத்த கேள்வியும் அவன் சொன்ன பதிலும்தான் உங்களிடம் நான் சொல்ல வந்தது. "நீ ஏன் கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதக் கூடாது?" என்றேன். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் அந்தத் தேர்வு நல்ல ஏற்பாடு. பெரிய படிப்பு கேட்பதில்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருக்க வேண்டும். பள்ளியை விட்டு வந்து கையால் தொழில் கற்றவனுக்காகவே திறந்து வைத்த கதவு. அவன் சொன்னான்: "விசாரிச்சேன் சார். அனுபவம் இருக்குன்னு எழுதித் தர ஆள் இல்ல. மேஸ்திரிக்கு லைசென்ஸ் கிடையாது. கையெழுத்துப் போடுற சார்கிட்ட போய்க் கேட்டேன். நீ எங்கிட்ட வேலை பாக்கலயேப்பா, நான் எப்படித் தர்றதுன்னு கேட்டாரு."

அந்த ஒப்பந்ததாரர் சொன்னது உண்மைதான். பையன் அவரிடம் வேலை பார்க்கவில்லை. ஆனால் வீட்டு அறிக்கையில் அதே மனிதர், இந்த வேலை என் பொறுப்பில், என் மேற்பார்வையில் நடந்தது என்று கையெழுத்திட்டிருக்கிறார். மின் இணைப்பு வாங்கும்போது அந்தப் பையன் அவருடைய ஆள். அனுபவச் சான்று கேட்கும்போது யாரென்றே தெரியாத ஆள். ஒரே வேலைக்கு இரண்டு உண்மை இருக்க முடியாது. இருக்க முடிகிறது என்றால், அறிக்கைப் படிவத்தில் வேலை செய்தவனுக்கு இடமில்லாமல் போனதே காரணம்.

ஆகவே என் முதல் கோரிக்கை. ஒவ்வொரு வயரிங் நிறைவு அறிக்கையிலும் கையால் வேலை செய்தவரின் பெயரும், அவருடைய சான்றிதழ் எண்ணும் கட்டாயமாக இடம்பெறட்டும். சான்றிதழ் இல்லாதவர் என்றால், வாரியத்தில் கற்பவராகப் பதிவு செய்துகொண்ட எண் இடம்பெறட்டும். ஒரு கைப்பேசியும் ஆதார் அட்டையும் இருந்தால் காசில்லாமல் அந்தப் பதிவு எண் கிடைக்க வேண்டும். அப்படிப் பெயர் ஏறிய அறிக்கைகளே அவருடைய அனுபவச் சான்றாகட்டும். ஐந்து ஆண்டுகள் எத்தனை வீட்டில் வேலை செய்தார், யார் மேற்பார்வையில் செய்தார் என்பது உங்கள் பதிவிலேயே இருக்கும். அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

இந்த ஒரு மாற்றம் மறுபக்கத்தையும் பிடித்து இழுக்கும். கையெழுத்து மட்டும் விற்பவர், தனக்கு முன்பின் தெரியாத நாற்பது பேரின் பெயரை எழுதி, அவர்கள் வேலைக்கு நான் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரே நாளில் மூன்று மாவட்டங்களில் மேற்பார்வையிட்டதாகக் கணக்குக் காட்டினால் கணினியே சொல்லிவிடும். இப்போது அவருக்குக் கையெழுத்துச் செலவு ஒரு பேனாவின் மை. அப்போது அது தன் உரிமத்தையே அடகு வைப்பதாக இருக்கும்.

இதோடு சேர்த்து, அறிக்கைக்கு மூன்று படங்கள் போதும் என்பேன். காடி மூடுவதற்கு முன் எடுத்த ஒன்று, எர்த் குழியில் ஒன்று, மூடி கழற்றிய டிபியில் ஒன்று. இடமும் நேரமும் பதிந்த படங்கள். மெகரில் 500 வோல்ட் டி.சி. கொடுத்து ஒரு நிமிடம் பார்த்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்று 1956 விதிகளே சொன்னன. அந்த அளவு தெரியும்படி மெகரையும் படமெடுக்கலாம். இதற்கு லட்சக்கணக்கில் மென்பொருள் வேண்டாம். கட்டிடத் தொழிலாளர் எல்லாருடைய கையிலும் இன்று கேமரா இருக்கிறது.

இந்த நோய் மின்தொழிலுக்கு மட்டும் உரியதல்ல. மருந்துக் கடைச் சுவரில் மருந்தாளுநரின் சான்றிதழ் தொங்க, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராக இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் மருந்து வழங்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் சொல்கிறது. எந்தத் தொழிலில் உரிமம் கொடுக்கும் அமைப்பு தாளைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடுகிறதோ, அங்கே தாள் வாடகைக்குப் போகும். இது ஒரு வாரியத்தின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. கட்டணம், இணைப்பு ஆவணம், புதுப்பிக்கும் தேதி ஆகியவற்றைச் சரிபார்ப்பது அலுவலகத்துக்குள் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அப்படியல்ல. ஆள்பற்றாக்குறை உள்ள எந்த அமைப்பும் முதலாவதை நோக்கியே சாயும்.

நேர்மையாகத் தொழில் செய்யும் ஒப்பந்ததாரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் நிறைய இருக்கிறார்கள். தங்கள் ஆட்களை வைத்தே வேலை செய்கிறார்கள், நேரில் போய்ப் பார்க்கிறார்கள், சரியில்லாத வயரிங்குக்குக் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். மறுத்த மறுநாள் வீட்டுக்காரர் தெரு தாண்டிப் போய் வேறொரு கையெழுத்தை வாங்கி வந்துவிடுகிறார். என்னிடம் படித்த ஒருவர், இப்போது சொந்தமாக உரிமம் வைத்திருப்பவர், "நான் மறுத்ததால எனக்குத்தான் நஷ்டம், அந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகல, கரண்ட் வந்துருச்சு" என்று வருத்தப்பட்டார். ஒருவர் மறுத்த வீட்டின் விவரம் பதிவில் இருந்து, அடுத்து அதே வீட்டுக்கு யார் கையெழுத்துப் போட வந்தாலும் மின் ஆய்வாளர் ஒருவர் நேரில் பார்த்த பிறகே இணைப்பு என்றொரு விதி இருந்தால், அவருடைய மறுப்புக்கு ஒரு மதிப்பிருந்திருக்கும்.

'கெடுபிடி அதிகமானால் செலவு கூடும், ஏழைகள் வீடு கட்ட முடியாது' என்று ஒரு வாதம் உண்டு. நான் அதை ஒதுக்கவில்லை. உலகெங்கும் தொழில் உரிமங்களுக்கு இருக்கும் உண்மையான ஆபத்து அது. உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே நிற்பவர்களுக்கு மேலும் மேலும் நிபந்தனை போடுவார்கள். பாதுகாப்பின் பெயரால் போட்டி தடுக்கப்படும். அதனால்தான் கூடுதல் படிப்புத் தகுதி வேண்டும் என்றோ கட்டணத்தை ஏற்றுங்கள் என்றோ நான் கேட்கவில்லை. இருக்கிற தகுதிகளே போதும். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் உள்ளே வருவதற்கான வழியைத்தான் அகலமாக்கச் சொல்கிறேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களில் மின்பணி செய்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வாரியத்தின் பட்டியலில் தொழிலாளியாக இருப்பவர், இன்னொரு வாரியத்தின் கண்ணுக்கு இல்லாத ஆளாக இருக்கிறார். இரண்டு அலுவலகங்களும் பட்டியலைப் பகிர்ந்துகொண்டால், தேர்வுக்கு அழைக்க வேண்டியவர்கள் யார் என்று தேடி அலைய வேண்டாம்.

தேர்வு பற்றி: அறிவிப்பு வந்த விவரம் வேலை செய்பவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும் சின்னப் பெட்டிச் செய்தியைச் சாரத்தில் நிற்பவன் படிப்பதில்லை. எலக்ட்ரிக்கல் கடைகளில் அறிவிப்பை ஒட்டுங்கள். ஒவ்வொரு வயரிங் ஆளும் தினமும் மிதிக்கும் வாசல் அது. தவறவிட்டவன் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வையுங்கள். எழுத்துத் தேர்வின் எடையைக் குறைத்துச் செய்முறையின் எடையைக் கூட்டுங்கள். டிபி ஒன்றில் பத்துத் தவறுகளை ஒளித்து வைத்து, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான் சொன்ன அந்தப் பையன் எட்டையாவது கண்டுபிடிப்பான். மற்ற இரண்டை அன்றே அவனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பலாம். தேர்வுக்கு முன் இரண்டு நாள் வகுப்பு, அதற்கான தினக்கூலி இழப்புக்கு ஒரு சிறு உதவித்தொகை, இவை பெரிய செலவல்ல.

வடமாநிலத் தொழிலாளர்களை மறக்கக் கூடாது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள்தான் இன்று சென்னை, கோவை, திருப்பூர் அடுக்குமாடிகளில் நிறைய இடங்களில் வயர் இழுக்கிறார்கள் என்று வேலைத்தளத்துக்குப் போகிற யாரும் சொல்வார்கள். அவர்களில் தொழிற்பயிற்சி முடித்து தேசிய தொழிற்சான்றிதழ் வைத்திருப்பவர்களும் உண்டு. மாநில அரசு கொடுத்த அனுமதி மட்டுமல்ல, மாநில அரசு ஏற்றுக்கொண்ட அனுமதியும் செல்லும் என்று விதியிலேயே இடமிருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தி, வேறு மாநிலச் சான்றிதழ்களை ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் முறையும், இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் செய்முறைத் தேர்வும் வேண்டும். மின்சாரத்துக்கு மொழி தெரியாது. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் நம் மக்கள்.

புதுப்பித்தலைப் பற்றி ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் சான்றிதழ் வாங்கியவர் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார். அவர் வாங்கிய காலத்தில் வீட்டு மாடியில் சூரியத் தகடு இல்லை, வாசலில் மின்வண்டி சார்ஜர் இல்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. மாடித் தகடுகளை வரிசையாக இணைத்தால் பல நூறு வோல்ட் டி.சி. வந்து நிற்கும். ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைய வாய்ப்புண்டு. டி.சி. அப்படியல்ல, பிடித்த பொறி பிடித்தபடியே நின்று எரியும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும். இது தெரியாமல் கை வைப்பவர் திறமைசாலியாகவே இருந்தாலும் ஆபத்துதான். புதுப்பிக்கும்போது ஒரு நாள் வகுப்பு கட்டாயம் என்று வையுங்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் பட்டறைகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கின்றன.

விபத்துகள் நேர்ந்தால் விசாரிக்க மின்சாரச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு வழிசெய்கிறது. மின் ஆய்வாளர்கள் போகிறார்கள், பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள். அந்த எழுத்து கோப்போடு முடிந்துவிடக் கூடாது. இறந்தவரின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, என்ன தவறு, எந்த இடத்தில், எப்படித் தவிர்த்திருக்கலாம் என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் வெளியிட்டால், அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் எங்களுக்குக் கிடையாது. என் வகுப்பில் நான் நடத்திய எந்தப் பாடமும், பக்கத்து ஊரில் நேற்று ஏன் ஒருவர் இறந்தார் என்று படம் போட்டுச் சொன்ன நாளைப் போல மாணவர்கள் மனதில் தங்கியதில்லை. அதே விசாரணையில், அந்த வீட்டுக்கு அறிக்கை கொடுத்தவர் யார் என்ற கேள்வியும் தவறாமல் கேட்கப்பட வேண்டும்.

தவறு கண்டால் உடனே உரிமத்தைப் பறியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முதல்முறை எச்சரிக்கையும் மறுபயிற்சியும் போதும். இரண்டாம் முறை சில மாதங்கள் நிறுத்தி வையுங்கள். சோதிக்காமலே சோதித்ததாக எழுதியது நிரூபணமானால் அது கவனக்குறைவு அல்ல, பொய். அதற்கு மட்டும் ரத்து. எந்த நடவடிக்கைக்கு முன்னும் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். நூறு அறிக்கைகளில் இரண்டையாவது குலுக்கல் முறையில் தேர்ந்து நேரில் பார்த்தால், மற்ற தொண்ணூற்றெட்டும் தானாகவே ஒழுங்காகத் தொடங்கும். எது பார்க்கப்படும் என்று யாருக்கும் தெரியாது அல்லவா?

வீட்டுக்காரர்களுக்கு ஒரு உரிமை வேண்டும். தங்கள் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவரின் உரிம எண்ணைக் கைப்பேசியில் தட்டினால், அது நடப்பில் இருக்கிறதா, எந்தத் தரம், எதுவரை செல்லும் என்று தமிழில் தெரிய வேண்டும். அறிக்கையின் நகல் அவர்களிடம் கட்டாயம் தரப்பட வேண்டும். பலர் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. மேஸ்திரி 'எல்லாம் நான் பாத்துக்கிறேன்' என்று சொல்லி, இணைப்புச் செலவோடு சேர்த்து வாங்கிய தொகையில் கையெழுத்துக்கு எவ்வளவு போனது என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

இவ்வளவையும் ஒரே ஆணையில் கொண்டுவர முடியாது என்பது எனக்குத் தெரியும். படிவத்தை மாற்றுவதற்கு மட்டும் சட்டத் திருத்தமோ பெரிய நிதியோ தேவையில்லை என்று நினைக்கிறேன். வேலை செய்தவரின் பெயருக்கும் எண்ணுக்கும் ஒரு வரி. அதை முதலில் செய்யுங்கள். ஒரு மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கினாலும் சரி. அடுத்த கம்பியாள் உதவியாளர் தேர்வு அறிவிப்பு வருவதற்குள் அது நடந்துவிட்டால், அந்த மாவட்டத்துப் பையன்களின் அனுபவக் கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடும்.

வகுப்பு எடுக்கவும், செய்முறைத் தேர்வில் உட்காரவும், குலுக்கலில் வந்த வீடுகளை ஆய்வாளரோடு போய்ப் பார்க்கவும் என்னைப் போல ஓய்வுபெற்ற பயிற்றுநர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம். பயணப்படி மட்டும் கொடுத்தால் வருவோம். எழுதிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர் ஒருவர்